கால்டுவெல் அத்தியட்சரும் கோணமலைப் பதிகமும்

கால்டுவெல் ஐயரைப் போற்றுவோருட் பலர் அவர் நூலைப் படித்தவரல்லர், தூற்றுவோரும் அத்தகையரே. திருக்கோணமலையார்க்கோ அந்நூலைப் படித்தற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு.

1814இல் அயர்லாந்திற் பிறந்து, கிளாஸ்கோவிற் கற்று, 1838இல் இலண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையை அடைந்த இராபர்ட் கால்டுவெல், பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தார். 1841 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டு திருநெல்வேலித் தேரிநிலத்து இடையன்குடியே அவர்க்கு இருப்பிடம். 1877இல் அத்தியட்சரானார், 1891இற் கொடைக்கானலில் மறைந்தார்.

1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணம் இன்றும் நிலைபெறுதற்குக் காரணம் அதன் முறையேயாம். திராவிட மொழிகள் தனிக் குடும்பத்தின என்பதை எல்லீசர் 1816இலேயே எடுத்துக்காட்டினார். அவர்க்குரிய புகழைக் கால்டுவெல் தாராளமாக வழங்கினார் என்று சொல்ல இயலாது. எனினும் மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமையுருபு என்பவற்றை எழுத்தில்லாத தோடர், கோண்டர் பேச்சுவரை துருவி ஒப்பிட்டவர் அவரே. பொருட்பெயர்களை ஒரு மொழி கடன்கொள்ளும். 'நான்', 'நீ' என்பவற்றை எளிதிற் கொள்ளாது. சிற்றூர் மக்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய செவிக்கு இவ்வுண்மை புலனாயிற்று.

ஆனால், காலங் கணிக்கப் புகுந்தபோது அச்செவி அவர்க்கு உதவவில்லை. கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறித்த சுந்தரபாண்டியனாகக் கொண்டு, ஞானசம்பந்தரை 13ஆம் நூற்றாண்டிற்குத் தள்ளினார். பெயரொற்றுமையொன்றே பெருஞ்சான்றாயிற்று! இக்கணக்கின்படி கோணேசர் பதிகமும் சோழராட்சி ஓய்ந்த பிற்காலத்ததாகும். மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம்பிள்ளை இதனைத் தக்க சான்றுகளால் மறுத்தார். 7ஆம் நூற்றாண்டே சம்பந்தர் காலம் என்பது இன்று பெரும்பாலார் துணிபு. பழந்தமிழ் நூல்களின் காலத்தை அவர் பிற்படுத்தியதை இத்துணைக் கடிந்துரைத்தல் முறையன்று. கலித்தொகை 1887இலும் புறநானூறு 1894இலுமே அச்சேறின. தேவாரமோ அவர் காலத்திலேயே ஓதுவார் நாவில் வழங்கியது.

இலங்கையில் தமிழ் வழங்கும் பகுதிகளைக் கூறுமிடத்தும் அவர் வடக்கையும் வடமேற்கையுமே சுட்டினார், கீழ்க்கரை விடுபட்டது. மறைமாவட்டப் பணியில் ஒவ்வொரு சிற்றூரையும் அறிந்தவர், கடலுக்கு இப்பால் பிறர் சொன்னதையே கொண்டார் போலும். பெரியகுளத்து வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயருடன், 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றைப் பொறிப்பித்தோர் பௌத்தப் பள்ளிக்குக் கொடையளித்த தமிழர்.