கூட்டமும் குழந்தையும்

பொருட்காட்சிசாலைக்குச் சென்னைவாசிகள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. அதைவிடச் சரியான விமரிசனத்தை எந்த அறிஞரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பொருள். பக்கத்தில் ‘தொடாதே’ என்று ஒரு பலகை. நாலு வயசுக் குழந்தைக்கு அங்கே என்ன வேலை?

கண்ணாடியை எடுத்துவிட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஸ்பாக். குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் மகன். 1913-ல் தோன்றிய பாஸ்டன் குழந்தைகள் காட்சிசாலைக்கு 1962-ல் இயக்குநரானார். அன்றாடப் பொருள்களை அறுத்துப் பிளந்து, ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று குழந்தைகளே பார்த்துக்கொள்ள வைத்தார். 1979-ல் அந்த ஸ்தாபனம் துறைமுகத்தருகே ஒரு பழைய கம்பளிக் கிடங்குக்குக் குடிபெயர்ந்தது.

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் இம்மாதிரி இடங்களை ஆளில்லாத காலைப் பொழுதில் பார்த்துவிட்டுப் பாராட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மழை பெய்கிற விடுமுறை நாளில், ஊர்த் தாய்மார்களெல்லாம் ஒரே யோசனையுடன் கிளம்பி வந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

பாஸ்டனில் சரிவான தடங்களில் கோல்ஃப் பந்தை உருட்டிவிடும் விளையாட்டு ஒன்று உண்டு. இந்த வகை விளையாட்டில் பந்து பாதி வழியில் கீழே விழுந்துவிட்டால் குழந்தை விழிக்கிறது. ஏன் விழுந்தது? இன்னொரு தரம் உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். விஷயமே அந்த இரண்டாவது தரத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தில் அது கிடைப்பதில்லை. அதற்குள் வேறொரு கை பந்தை எடுத்துவிடுகிறது. “போதும், அவனுக்கும் விடு” என்கிறாள் தாய். அவள் சொல்வது நியாயம். ஆனால் பந்து ஏன் விழுந்தது என்பது தெரியாமலே போயிற்று. முரட்டுப் பிள்ளை எப்படியோ இடித்துக்கொண்டு மறுபடி வந்துவிடுவான். கூச்சமுள்ள குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கும். அதற்கு மட்டும் ‘தொடாதே’ பலகை திரும்பி வந்துவிட்டது.

கூட்டம் கெடுக்காத காட்சிகளும் அதே இடத்தில் இருக்கின்றன. சோப்புக் குமிழித் தட்டைச் சுற்றி நாலு குழந்தைகள் நின்றாலும் நஷ்டமில்லை. ஒருவன் விட்ட குமிழியை மற்றவன் உடைப்பதில் இருவருக்கும் சந்தோஷம். கியோத்தோ நகரம் அளித்த பட்டு வியாபாரியின் மாடி வீட்டை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். (நம் குழந்தைகளுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.) ஓடி வருகிற குழந்தை கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தே தீரவேண்டும். காவலாளி அதட்டிச் சாதிக்க முடியாததை அந்த வாசற்படி சாதிக்கும். காட்சி அமைப்பவர்கள் இன்னும் பெரிய பொறி, இன்னும் அதிகச் சத்தம் என்று போகாமல் இம்மாதிரி வாசற்படிகளை யோசிக்கலாம்.

மூன்று வயசுக்குட்பட்டவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பதும் நல்ல ஏற்பாடு. ஆனால் கைக்குழந்தையோடு ஐந்து வயசுப் பையனையும் அழைத்து வந்தவள் எந்தப் பக்கம் நிற்பாள்?

2020-ல் தொற்றுநோய் வந்த பிறகு பல காட்சிசாலைகள் நேரம் குறித்து, ஆட்களை எண்ணி உள்ளே விட்டன. இரண்டாவது தரம் பந்தை உருட்ட அது ஒன்றுதான் நேரான வழி. வருமானம் குறையும் என்பார்கள், அதைச் சமாளிக்கலாம். முன்கூட்டிச் சீட்டு வாங்கத் தோதில்லாமல், மழையைப் பார்த்துத் திடீரென்று புறப்பட்டு வந்த தாயை வாசலில் நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.