பிடித்த பறவையும் பார்த்த பறவையும்

பறவைப் படத்தைக் கண்டதும் "ஆகா, எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டு ஏட்டைப் புரட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால், அறிவியல் பயிலும் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. வரைந்தவர் அப்பறவையை எந்த நிலையில் கண்டார்? சென்னைப் பறவைகளைப் பற்றிய ஒரு பழைய ஓவியத் தொகுப்பிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

அப்போது புதிதாக நிறுவப்பட்ட சென்னைச் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகளுள் ஒருவர் சர் ஹென்றி குவில்லிம். 1801இல் அவருடன் இங்கிலாந்திலிருந்து வந்தவர் மனைவி எலிசபெத். ஊர் புதிது, மொழி புதிது, பறவைகளும் புதியவை. 1807இல் இங்கேயே இறக்கும்வரை இவ்வூர்ப் பறவைகளை நீர்வண்ணத்தில் தீட்டி வந்தார். பின்னர் அப்படங்கள் நெடுங்காலம் அறிஞர் பார்வைக்கு வரவில்லை. பறவை நூல்களைத் தேடிச் சேர்த்த கேசி வுட் என்ற கண் மருத்துவர் 1924இல் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்தார். இன்று 121 பறவைப் படங்கள் கனடாவில், மான்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

முதலில் இவற்றின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். இறகுகளின் அடுக்கு, அலகின் விளிம்பு, கால் செதில் இவற்றிலெல்லாம் வியக்கத்தக்க துல்லியம். புகழ்பெற்ற ஆடுபான் தம் அமெரிக்கப் பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கியது 1827இல்தான். அவர் பறவைகளைச் சுட்டு, கம்பி கோத்து நிறுத்திவைத்து வரைந்தவர். எலிசபெத்தோ உயிருள்ள பறவையை முன்னே வைத்து வரைந்தார். இதனால் என்ன நன்மை? பறவை இறந்த சிறிது நேரத்திலேயே கண்ணும், முகத்தோலும், காலும் நிறம் மங்கத் தொடங்கிவிடும். பாடம் செய்த உடல்களைப் பார்த்துத் தீட்டிய படங்கள் பலவற்றில் கால் நிறம் தவறாக இருப்பது இதனால்தான்.

ஆயினும், உயிருள்ள பறவை வேறு. தன் போக்கில் வாழும் பறவை வேறு. பிடிபட்ட பறவை அஞ்சுகிறது. அஞ்சிய பறவை இறகுகளை உடலோடு ஒட்ட அழுத்திக்கொள்ளும்; அதன் வடிவமே மெலிந்து தோன்றும். அதுவே கிளையில் அமைதியாக அமர்ந்திருக்கும்போது இறகுகளைத் தளர்த்தி உருண்டு திரண்டு காணப்படும். ஆகவே, ஒவ்வோர் இறகும் சரியாக இருந்தும் பறவை சரியாக இராமல் போகலாம். எலிசபெத்தின் படங்களில் எனக்குள்ள குறை இதுவே. பறவையின் உடல் முழுவதும் அங்கே இருக்கிறது. அதன் பிழைப்பு இல்லை. எப்படி இரை தேடிற்று, எப்படிப் பறந்தது என்பதற்கு அவை விடை தரமாட்டா.

இதற்கு நேர் எதிரானவர் பிரிட்டிஷ் ஓவியர் ஜான் பஸ்பி. 1986இல் வெளியான இவரது பறவை வரைதல் நூல் களத்தில் நின்று வரைவதையே வற்புறுத்துகிறது. இவர் கோடுகளில் இறகை எண்ணப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால், பறவை திரும்பிய திருப்பம் அதில் அகப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மாணவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அருங்காட்சியகத்துக்கு எலிசபெத் போதும்.

மறைமலை நகர், ஒரகடம் பக்கத்து வாசகர்களுக்கு வேடந்தாங்கல் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. எலிசபெத் வருவதற்கு மூன்றாண்டு முன்னர், 1798இல், செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வூர் மக்களின் பறவைக் காவலுக்கு எழுத்து மூலம் உரிமை தந்தார். அந்த ஏரிக் கரையில் ஒரு பென்சில், கோடிடாத நோட்டுப் புத்தகம், எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் தொலைநோக்கி ஆகியவற்றுடன் உட்காருங்கள். கைப்பேசியை உள்ளே வையுங்கள். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை உறைய வைக்கும் படத்தைப் பார்த்து வரைந்தால், நம் கண் ஒருபோதும் காணாத கோணல் நிலைகள்தாம் தாளில் வந்து சேரும். (பத்திரிகைகளில் இவ்வகைப் படங்கள் மலிந்துவிட்டன!)

முதலில் உடலை ஒரு முட்டையாகப் போடுங்கள். கழுத்து எங்கே தொடங்குகிறது, கால்கள் முட்டையின் எந்த இடத்திலிருந்து இறங்குகின்றன என்று பாருங்கள். நாரையின் கால் பின்புறமாக மடிவது வரையும்போதுதான் உறுத்தும். அது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றிறகுக்குள் மறைந்துள்ளது. பறவை பறந்துவிட்டால் படத்தை நிரப்பாதீர்கள். அரைப் படமாகவே இருக்கட்டும். நினைவிலிருந்து முடித்த வால் நாளைக்கு உங்களையே ஏமாற்றும். அடுத்து, பறப்பவற்றை வெறும் மூன்று கோடுகளில் பிடியுங்கள். கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். நாரையும் அரிவாள் மூக்கனும் நீட்டியபடி பறக்கும். நிறமே தெரியாத தொலைவிலும் அந்த மூன்று கோடுகள் இனத்தைச் சொல்லிவிடும்.

நத்தைகுத்தி நாரையைத் தவற விடாதீர்கள். வாயை மூடினாலும் அலகின் நடுவே இடைவெளி தெரியும். பாக்குவெட்டி போல் நத்தையோட்டை நொறுக்கவே இந்த அமைப்பு என்று பலர் எண்ணினர். ஆனால், பெரும்பாலும் ஓடு உடைவதில்லை. கீழலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்து இழுத்துவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கூட்டில் குஞ்சுகள் நிற்கும். குஞ்சின் அலகையும் தாயின் அலகையும் ஒரே தாளில் அருகருகே வரைந்து பாருங்கள்: குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இராது.