மன்னார்க் கரையும் ஓவியன் கண்ணும்

மன்னார்க் கரையை வரைய முனைவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே நாடுவர்: பள்ளிமுனைப் பெருக்கமரம், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, தெற்கே அரிப்பில் கடலரிப்பால் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டை. மூன்றும் வரையத்தக்கனவே. ஆயின், பெருக்கமரத்தை முதன்முறை வரைபவன் அதனை நெடுமரமாகவே வரைந்துவிடுகின்றான். அதன் உயரம் ஏறத்தாழ 7.5 மீற்றர், அடிமரத்தின் சுற்றளவோ 19.5 மீற்றர். மரம் என்றால் ஓங்கி நிற்கும் என்ற எண்ணம் கையில் முன்னரே படிந்து கிடக்கின்றது. கண்ணைக் கேளாமலே கை வரைந்துவிடுகின்றது. இப்பிழை முதற்படத்தில் புலப்படாது. அதனை எதிரே வைத்துக்கொண்டு இரண்டாவதை வரையும்போதே புலப்படும். ஓவியன் வளர்வது புதுப்பொருள் தேடி ஓடுவதாலன்று. நேற்றைய தாளில் எது கண் கண்டது, எது கைப்பழக்கத்தால் வந்தது என்று இரக்கமின்றி ஆராய்வதாலேயே என்பது என் துணிபு.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1943 இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வினருள் ஒருவராகிய ஐவன் பீரிஸ் (1921–1988) 1953 இல் இங்கிலாந்து சென்று, எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் அங்கேயே கழித்தார். எனினும் அவர் தூரிகை பிறந்த நாட்டுக் கடற்கரையை விட்டு நீங்கிற்றில்லை. மணல், நீர், வானம், தனித்து நிற்கும் மாந்தர் ஆகிய சிலவே மீண்டும் மீண்டும் வருகின்றன. இதனைக் கற்பனை வறுமை என்பாரும் உளர். யான் அவ்வாறு கருதேன். அவர் படங்களில் கரையானது காட்சி என்ற நிலை கடந்து மனநிலை ஒன்றாகவே மாறிவிடுகின்றது. ஓரிடத்தையே பல்லாண்டு வினவியவருக்கன்றி அது கைகூடாது.

ஓவியக்கூடமும் ஓய்வும் வாய்க்கப்பெறாதார் என் செய்வது எனின், அ. மாற்குவை நோக்குக. 1933 இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலே பிறந்து, கொழும்பில் நுண்கலை பயின்று, பாடசாலை ஓவிய ஆசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். எஸ். ஆர். கனகசபை 1938 இல் நிறுவிய வின்சர் ஓவியக் கழகத்துக்குப் பின்னர், வடபுலத்தில் ஓவியத்தைப் பாடநேரத்துக்கு அப்பாலும் வளர்த்தவருள் மாற்கு முதன்மையானவர். விடுமுறைக்கால ஓவியர் கழகத்திலே மாணாக்கரைப் பயிற்றினார். அவர்க்கு ஓய்வு நாளே ஓவியக்கூடமாயிற்று. கைவந்த ஒரு நடையில் அமர்ந்துவிடாது, கோட்டையும் வண்ணத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். அவரைப் பற்றி 1987 இல் வெளிவந்த தொகுப்புக்குத் ‘தேடலும் படைப்புலகமும்’ என்று பெயரிட்டனர். தேடல் முன்னும் படைப்புப் பின்னுமாக நிற்பது மிகப் பொருத்தமே.

1995 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அவர் தம் படங்களுள் பலவற்றை இழந்தார். 2000 இல் மறைந்தார். முற்றுப்பெற்ற படம் அழிந்தால் அழிவது ஒரு செல்வம். முயற்சித் தாள்கள் அழிந்தாலோ ஓவியன் தன்னைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கண்ணாடியே அழிகின்றது. அவன் எவ்வாறு வளர்ந்தான் என்று பிறர் அறியும் வழியும் அடைபடுகின்றது. மாற்குவைப் பற்றி எழுதுவோர் எவரும் இவ்விடத்தில் தடைப்பட்டே ஆகவேண்டும்.

மீண்டும் மன்னாருக்கு வருவோம். தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் எழுந்தன. அவற்றால் மீன்பிடி குன்றுகின்றதென்று கரைவாழ் மக்கள் முறையிட்டு வருகின்றனர். இளம் ஓவியர் சிலரோ அவற்றை விலக்கி, வாடியையும் தோணியையும் பனையையும் மாத்திரம் வரைகின்றனர். வினவினால், அவை அழகைக் கெடுக்கும் என்பர். கெடுப்பின் கெடுக்கட்டும், கண் கண்டதைக் கை ஏன் மறைத்தது என்று தம்மைத் தாமே கேட்டனரா? சோளகக் காலத்தும் வாடைக் காலத்தும் ஒரே இடத்திலிருந்து வரைந்து, ஒவ்வொரு தாளின் புறத்தும் நாள் குறித்து வைத்தாராயின், 2020 இற்கு முந்திய கரையையும் பிந்திய கரையையும் அருகருகே பரப்பிப் பார்த்தல் கூடும். முந்திய தாள்கள் பலரிடம் இல்லை.