படலைக்கு அந்தப் பக்கம்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று நாள் நின்றவராம். சென்னைத் திருவல்லிக்கேணியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மேல்வீட்டின் கீழே குடியிருந்த, ஓய்வுபெற்ற வங்கிக்காரர். யாழ்ப்பாணம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப அமைதியான ஊர் சார். ஆனா ஊர் எங்க இருக்குன்னுதான் தெரியல. எங்க பாத்தாலும் வேலிதான்" என்றார். அவர் மனைவி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இரவு படுத்த பிறகுதான் குத்தத் தொடங்கியது. மூன்று நாளில் ஓர் ஊரை அளந்துவிட முடியுமா? அவருடைய சென்னையை அளக்க எனக்கு, மனைவியின் கண் சத்திரசிகிச்சைக்காக வந்த இடத்தில், முழுதாக மூன்று கிழமை கிடைத்தது.

வீடு தேடும்போதே சொற்கள் இடறின. தரகர் 'போர்ஷன்' என்றார். எங்களூரில் அதற்கு 'அனெக்ஸ்'. இரண்டும் ஆங்கிலம்தான், ஆளுக்கொரு துண்டைப் பொறுக்கிவைத்திருக்கிறோம். அங்கே நிலத்தை கிரவுண்டில் சொல்கிறார்கள், 2400 சதுர அடி. எங்கள் பரப்பு அதைவிடச் சற்றுப் பெரிது, 2700 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஒரு கிரவுண்டில் நாலு குடும்பம், ஆறு குடும்பம் அடுக்கி வாழ்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பரப்புக் காணியைச் சீதனமாக எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் மற்றது எங்கே என்று கேட்பார்கள். 'காணி' என்பதுகூட அங்கே ஓர் அளவு. எங்களுக்கு அது மண், மானம், வழக்கு எல்லாம்.

'முற்றம்' இன்னும் வேடிக்கை. சென்னைக்காரர் சொல்லும் முற்றம் வீட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது, மேலே வானம். நாற்சார் வீடுகளில் எங்களுக்கும் அப்படியொன்று உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தான் சும்மா முற்றம் என்றால் அது வீட்டுக்கு முன்னே, கூட்டிச் சாணம் தெளித்த மண். 'வளவு' என்றால் வேலிக்குள் அடங்கிய முழு நிலமும். செட்டிநாட்டில் அதே சொல் வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதி. எங்களுடைய கோடிதான் அவர்களுடைய கொல்லை.

திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் தெருவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. திண்ணை தெருவுக்கு, கதவு தெருவுக்கு, கோலம் தெருவுக்கு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பக்கத்து வீட்டில் தாளிப்பது கடுகா உளுந்தா என்று படுக்கையிலிருந்தே சொல்லலாம். மூன்றாம் நாளே எங்கள் மருந்து விவரம் தெருவுக்கே தெரிந்திருந்தது. அன்புதான். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது.

வேலி ஒளிவதற்கு அல்ல என்பதை அந்த மனிதருக்கு யார் சொல்வது? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் மழை சேர்த்துவைத்த தண்ணீர்தான், அதற்கு வளவுக்குள் கிணறு. குளிப்பது கிணற்றடியில், வெட்டவெளியில். பெண்கள் துலாவைப் பிடித்து அள்ளி வார்த்த காலத்தில் வேலி இல்லாமல் முடியுமா? பூவரசு, கிளுவைக் கிளைகளைக் கதியாலாக நட்டு, வருடாவருடம் பனையோலையோ பின்னிய தென்னங்கிடுகோ கட்டி வேலி அடைப்போம். அது ஒரு சின்னத் திருவிழா. உக்கின பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்குப் பசளை. கதியாலில் வரும் குழை ஆட்டுக்கு. சுவர் இதில் ஒன்றையாவது செய்யுமா? ஒழுங்கையில் போனால் இரு பக்கமும் ஓலை. காற்று வரும், பார்வை வராது. வெயில் ஏறிய ஓலையின் மணத்தை நான் எந்த நகரத்திலும் கண்டதில்லை.

திண்ணையும் எங்களிடம் இருக்கிறது, வேலிக்கு உள்ளே. தெருவில் போகிறவனுக்கு என்ன என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சங்கடப் படலை: சிறு கூரையும் இருபுறமும் குந்தும் வைத்த வாசல். வெயிலில் வந்தவன் யாரையும் கேளாமல் இருந்துவிட்டுப் போகலாம். திண்ணை வீட்டைவிட்டுக் கழன்று ஒழுங்கைக்கே வந்து நின்றது மாதிரி. பருத்தித்துறையில் தெருமூடி மடம் பார்த்திருக்கிறீர்களா? தெருவே மடத்தின் கூரைக்குக் கீழே போகிறது.

நியாயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். மனைவி மாடிப்படியில் தடுமாறிய இரவு, நான் கூப்பிடுமுன் நாலு கதவு திறந்தது. கீழ்வீட்டு அம்மா இரவு முழுக்க அவள் கையைப் பிடித்தபடி இருந்தார். எங்கள் வளவில் அப்படி விழுந்தால் நாய்தான் முதலில் வரும். சென்னையின் முற்றம் தொலையவில்லை, மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது என்றும் கண்டுகொண்டேன். வடாம் அங்கே, பட்டம் அங்கே, மின்சாரம் போனால் பாயும் அங்கே.

எங்கள் வேலிகளும் சாது அல்ல. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக நீதிமன்றம் ஏறி, வழக்கு முடியுமுன் இரு பகுதியும் மண்ணுக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த எங்கள் வழக்குச் சட்டமான தேசவழமை, காணி விற்றால் பங்காளிக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தது. வேலிக்கு அப்பால் இருப்பவனோடு அவ்வளவு உறவு, அவ்வளவு பயம். யாரை உள்ளே விடுவது, யாரைப் படலையோடு நிறுத்துவது என்பதையும் அந்த வேலிதான் தீர்மானித்தது. திருவல்லிக்கேணித் திண்ணைகளும் எல்லாச் சாதிக்கும் விரிந்து கிடந்தவை அல்லவே.

இதையெல்லாம் நான் அந்த வங்கிக்காரரிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: எங்கள் யாழ் நூலகத்தை, 1959இல் திறந்து 1981இல் எரிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை, வரைந்தவர் உங்கள் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் என்று. "அப்படியா!" என்று கதிரையை, அவர் கணக்கில் நாற்காலியை, என் பக்கம் இழுத்துப் போட்டார். கதிரையும் யன்னலும் போர்த்துக்கேயன் விட்டுப்போனவை என்றேன். அவர் ஜன்னல் என்றார். அதுவும் அவன் விட்டதுதான்.

திரும்பி வந்து படலையைத் திறந்தேன். படலை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். அது இரும்புக் கேற். முன்பக்கக் கிளுவை வேலியை நாங்களே பிடுங்கி மதில் எழுப்பிப் பத்து வருடமாகிறது. ஓலை கட்ட ஆள் கிடைப்பதில்லை. பின்பக்கம், கிணற்றடியோரம் இருபது அடி வேலி இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஐயா, நல்லூர்த் திருவிழா 25 நாள். அடுத்த முறை மூன்று நாளில் திரும்பிவிடாதீர்கள். கேற்றடியில் நின்று ஒரு குரல் கொடுங்கள். அழைப்புமணி வேலை செய்வதில்லை.