துடைத்த கை வார்ப்பில் வருவதில்லை

‘அப்படியே அம்மாவை அச்சில் வார்த்த மாதிரி!’ உறவினர் யாராவது என்னைப் பார்த்து இப்படிச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. ஆனால் அச்சும் வார்ப்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சில் பள்ளமாக இருப்பது வார்ப்பில் மேடாகிறது, மேடு பள்ளமாகிறது. வார்ப்பை எடுத்த பிறகு பல நேரம் அச்சை உடைத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீடின் படைப்புகளை இந்தச் சொல்வழக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். வழக்கமாக ஒரு பொருளுக்கு அச்செடுத்து, அதே பொருளின் நகலை வார்ப்பார்கள். வைட்ரீட் பொருளையே அச்சாக்கி, அதற்குள் இருக்கும் வெற்றிடத்தை வார்க்கிறார். 1990இல் அவர் செய்த ‘கோஸ்ட்’, லண்டனின் பழைய வீடு ஒன்றின் வரவேற்பறை. சுவர்களில் பகுதி பகுதியாக பிளாஸ்டர் வார்த்து, இறுகியதும் பெயர்த்தெடுத்து, சுவரைத் தொட்ட முகம் வெளியே தெரியும்படி இரும்புச் சட்டத்தில் பொருத்தினார். குளிர்காயும் கணப்படுப்பின் குழி அதில் வெளியே துருத்தி நிற்கிறது. அடுப்பின் கரி பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

1993இல் ஒரு முழு வீட்டையே அச்சாக்கினார். கிழக்கு லண்டன் குரோவ் சாலையில் இடிக்கப்படவிருந்த வீட்டின் உட்சுவர்களில் கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, இறுகிய பின் வெளிச்சுவர்களை அகற்றியதில் உருவானது ‘ஹவுஸ்’. அவ்வாண்டு நவம்பரில் டர்னர் பரிசு பெற்ற முதல் பெண் ஆனார். அதே நாளில் உள்ளூர் மன்றம் ‘ஹவுஸை’ இடிக்க முடிவெடுத்தது; 1994 ஜனவரி 11 அன்று இடித்தார்கள். நான் பார்த்ததெல்லாம் புகைப்படங்கள்தாம்.

வீட்டுவேலை கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த வேலை நடந்த வெளிக்கு வைட்ரீட் கான்கிரீட்டின் எடையைக் கொடுத்தார். அந்த வகையில் இவற்றைப் பெண்ணின் வெளியைப் பதிவுசெய்த படைப்புகளாக வாசிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். இப்போது அந்த வாசிப்பு எனக்குப் போதவில்லை.

வார்ப்பு, தன்னைத் தொட்ட பரப்பில் மிஞ்சியிருப்பதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வீட்டுவேலையோ எதையும் மிச்சம் வைக்காமலிருப்பதற்காகச் செய்யப்படுவது. பொங்கலுக்கு முன் அம்மா அடுப்படிச் சுவரின் கரியைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பார். மறுநாள் அந்தச் சுவரை வார்த்தெடுத்தால் சுத்தமான சுவர்தான் கிடைக்கும். துடைக்காமல் விட்ட கரி வார்ப்பில் பதியும். துடைத்த கை பதியாது.

இதை வைட்ரீடின் தோல்வி என்று நான் சொல்லவில்லை. இல்லாத ஒருத்தியை அவர் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தவறு நம் வாசிப்பில்தான் இருக்கிறது. ‘அம்மாவின் அடுப்படி’ என்று உருகி எழுதும்போது நாமும் கரியையும் பாத்திரத்தையும் பதிவுசெய்துவிட்டு, அம்மாவையே பதிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் இடுப்புவலியை நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை.

‘கோஸ்ட்’டின் படத்தைப் பார்க்கும் மாணவிகள் எல்லோரும் முதலில் அந்தக் கரியைத்தான் காட்டுகிறார்கள். கரியே இல்லாத மற்ற இடங்களையும் பாருங்கள் என்கிறேன். அவற்றை யாரோ துடைத்திருக்கிறார்கள்.