ரசமட்டத்துக்கு வேலையில்லாத தச்சு

படகுக்குள் ரசமட்டத்துக்கு வேலை இல்லை. வீடு கட்டும் ஆசாரி முதலில் கையிலெடுக்கும் கருவி அது. மிதக்கும் தரையில் அதன் குமிழி ஒரு நிலையில் நிற்காது. படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தினாலும் பெரிய பயனில்லை. பக்கச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும், கூரை நடுவில் மேடுதட்டியிருக்கும், மூக்கை நோக்கிப் போகப் போக எல்லாமே குறுகும். செங்கோணம் வேண்டுமென்றால் தச்சரே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப்பட்ட கூட்டுக்குள் அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்ப்பெட்டி, பாத்திர அலமாரி எல்லாவற்றையும் அடக்கி, அவை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தவை போலத் தோன்றச் செய்கிறார்கள், பழைய மோட்டார் படகுகளின் உள்மரவேலையைப் புதுப்பிக்கும் தச்சர்கள். மரவேலையில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

கிராண்ட் பேங்க்ஸ் 36 என்ற படகை வைத்தே பேசுகிறேன். ராபர்ட் நியூட்டன் என்ற அமெரிக்கரும் அவருடைய மகன்களும் ஹாங்காங்கில் நடத்திய அமெரிக்கன் மரீன் பட்டறையில், கென்னத் ஸ்மித் வரைந்த திட்டப்படி 1960களின் தொடக்கத்தில் ‘ஸ்ப்ரே’ என்றொரு படகு உருவானது. கிராண்ட் பேங்க்ஸ் வரிசை அதன் வழி வந்தது. மீன்பிடிப் படகின் கட்டான உடல், உள்ளே ஒரு குடும்பம் வாரக்கணக்கில் தங்கிப் போகும் வசதி. பட்டறை பிற்பாடு சிங்கப்பூருக்கும் விரிந்தது. 1973 வரை உடல் மரம், பிலிப்பைன்ஸ் மஹோகனிப் பலகை. அதன்பின் கண்ணாடியிழைக்கு மாறினார்கள். உள்ளே மட்டும் மரமே நீடித்தது. சுவர், அலமாரிக் கதவு, ஏணிப்படி, மேசை, சலூன் எனும் முதன்மை அறையின் தரையில் கட்டம் கட்டமாகப் பதித்த பார்க்கெட் துண்டுகள் வரை பெரும்பாலும் தேக்கு.

அன்றைய படகுக் கட்டுநர்கள் நாடியது பர்மாத் தேக்கை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் முகப்புத் தூண்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டாம். தேக்கில் எண்ணெய்ப் பசை இயல்பாகவே உண்டு. அதனால் தண்ணீரோடு அது சண்டைபோடுவதில்லை. மணற்சத்தும் உண்டு, அதனால் இழைப்புளியின் முனை சீக்கிரம் மழுங்கும். ஒரே மரத்தின் இந்த இரண்டு குணங்களையும் தெரிந்து நடந்துகொள்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. ஒட்டப்போகும் முகத்தை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே கசிந்து வருவதற்குள் பசையிட்டு இறுக்கிவிட வேண்டும். துடைக்காமல் ஒட்டிய மூட்டு, பட்டறையில் உறுதியாக இருந்து கடலில் விட்டுப்போகும்.

இந்தப் படகுகளைப் பார்க்க அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்குப் போக வேண்டும். புஜெட் சவுண்டிலிருந்து அலாஸ்கா வரை தீவுகளுக்கு நடுவே செல்லும் உள்வழிக் கடற்பாதைக்கு இவற்றைப்போல் ஒத்துவந்த படகுகள் குறைவு. வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்ட் சிறு நகரம்தான். 1977 முதல் அங்கே மரப்படகுத் திருவிழா நடந்து வருகிறது, கப்பல் தச்சர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தும் பட்டறையும் இருக்கிறது. அந்தக் கரையில் மழை நின்றால்தான் செய்தி. மழைதான் படகின் உள்மரத்துக்கு முதல் எதிரி. கடல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் ஜன்னல் சட்டத்தின் மூலையில் நுழைந்து, அலமாரியின் முதுகில் வழிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேங்குகிறது. ஐம்பது வயதான ஒரு கிராண்ட் பேங்க்ஸுக்குள் நுழைந்தால், ஜன்னலுக்குக் கீழே மை கொட்டியதுபோல் கறுத்த திட்டுகள் தெரியும். இரும்பும் ஈரமும் மரத்தின் டானினும் சேர்ந்த கறை அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவி, பொறுத்திருந்து, கழுவி, காயவிட்டு, மறுபடி தடவினால் தேக்கின் நிறம் மெல்லத் திரும்பும். அமிலத்துக்கு மசியாத இடம் மட்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே உளி பேச வேண்டும்.

ஒழுகலை நிறுத்தாமல் உள்ளே அழகுபடுத்துவதை நான் வேலையாகவே ஒப்புக்கொள்வதில்லை. கையில் காசும் ஆசையும் இருக்கும்போது எல்லோர் கண்ணும் முதலில் அடுப்பங்கரைக்குத்தான் போகிறது. நல்ல தச்சர் முதல் மாதத்தை ஜன்னல்களுக்கும் மேல்தளத்து இடுக்குகளுக்கும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

உள்ளே வந்தபின் அவர் அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். புதிய தடுப்புச் சுவர் ஒன்று படகின் வளைந்த பக்கத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் டேப்பை எடுப்பதில்லை. ஒருபக்கம் பல் வெட்டிய, முனை கூரான மெல்லிய குச்சி ஒன்றை எடுக்கிறார். சுவர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு துண்டுப் பலகையை அசையாமல் நிறுத்துகிறார். குச்சியின் முனை படகின் வளைவில் ஒரு புள்ளியைத் தொடுகிறது. அதே நிலையில் குச்சியின் பல்விளிம்பைப் பலகையில் பென்சிலால் வரைகிறார். அடுத்த புள்ளி, அடுத்த கோடு. வளைவு கூடுகிற இடத்தில் நெருக்கமாக, நேராக ஓடுகிற இடத்தில் தள்ளித் தள்ளி. பிறகு கோடுகள் நிறைந்த அந்தப் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிய ப்ளைவுட்டின் மேல் வைத்து, குச்சியை ஒவ்வொரு கோட்டிலும் பல்லுக்குப் பல் பொருத்தினால் முனை நிற்கும் இடமெல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் படகின் வளைவு அப்படியே பலகையில் இறங்கிவிடுகிறது. இந்த முறையில் எண்ணே கிடையாது. அங்குலமும் மில்லிமீட்டரும் தலையிடாததால் கூட்டல் பிழைக்கும் இடமில்லை. வெட்டி எடுத்த பலகை முதல் முறையிலேயே வளைவில் போய் உட்காரும்போது, நடுவில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கைதட்டத் தோன்றும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: உள்ளே போகும் எதுவும் சலூன் கதவு வழியாகத்தான் போக வேண்டும். வெளியே முழுசாகச் செய்து கொண்டுவந்து வைக்க வீட்டு மாடுலர் கிச்சனா இது? துண்டு துண்டாகப் போய் உள்ளே ஒன்றுசேர வேண்டும். அப்படிச் சேர்ந்த மூட்டுகள் பிற்காலத்தில் அதே வழியாகத் திரும்பி வரவும் முடிய வேண்டும். இந்தப் பின்பாதியை மறந்துவிடும் தச்சர்கள் இருக்கிறார்கள். என் ரசனை முழுக்க இதை மறக்காதவர்கள் பக்கம்தான்.

ஸ்க்ரூத் தலையை மூடும் சின்னத் தேக்கு அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய வட்டம். அதே மரத்திலிருந்து வெட்டி, ரேகை சுற்றியுள்ள பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி திருப்பிச் செருக வேண்டும். கொஞ்சம் கோணினாலும் வெளிச்சம் அதில் வேறுமாதிரி விழுந்து காட்டிக்கொடுக்கும். துருத்தி நிற்கும் பகுதியை ஒரே அடியில் மட்டமாகச் சீவக் கூடாது. முதலில் சற்று மேலே ஒரு சீவு. மரம் எந்தப் பக்கம் சரிந்து பிளக்கிறது என்று அது சொல்லிவிடும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து உளியை வைத்து மெல்ல இறக்கினால் அடைப்பு பலகைக்குள் கரைந்துவிடும். இதில் என்னை மிகவும் கவர்வது பசை. எபாக்ஸி வைத்தால் ஆயுசுக்கும் அசையாது. நல்ல தச்சர் ஒரு சொட்டு வார்னிஷ்தான் வைக்கிறார். பின்னால் எப்போதாவது அந்தப் பலகையைக் கழற்ற வேண்டிவந்தால் அடைப்பு சுலபமாகப் பெயர்ந்து வரும், உள்ளே ஸ்க்ரூத் தலை சிதையாமல் காத்திருக்கும். யாரென்றே தெரியாத அடுத்த தச்சருக்கு இவர் செய்யும் மரியாதை அது.

பழைய தேக்கோடு புதியதைச் சேர்ப்பது வேறொரு பாடு. தோட்டத்தில் வேகமாக வளர்ந்த தேக்கு வெளிறியிருக்கும், வளையங்கள் அகன்றிருக்கும். ஐம்பதாண்டு வார்னிஷுக்குள் தேன்நிறம் ஏறிய கதவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஒட்டாது. மியான்மர் 2014இல் முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது; 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அந்த மரம் வரும் வழியில் யார் கை நனைந்திருக்கிறது என்று கேட்காமல் வாங்குவது சரியல்ல. எனவே பழைய மேசை, உடைத்த படகு, கலைத்த கடைத்தட்டு என்று தேடிப்போய் வாங்குகிறார்கள். அப்படிக் கிடைத்த ஒரு பலகையை இழைத்து, உள்ளே வைரம் பாய்ந்த ரேகை வெளிப்படும்போது வரும் மணம் நம்மூர்த் தச்சுப்பட்டறையில் வருவதேதான்.

அடுப்பங்கரைக்கு வருவோம். கிராண்ட் பேங்க்ஸ் 36இல் அது சலூனிலேயே, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமைப்பவர் கீழே ஒரு பொந்துக்குள் தனித்துப் போகாமல், சுக்கான் பிடிப்பவரோடு பேசியபடியே கடலைப் பார்க்கலாம். இந்த அமைப்பை மாற்றக்கூடாது. மாற்ற வேண்டியது மேல்தட்டின் பழைய சன்மைக்காவை. விளிம்பில் ஈரம் ஏறி அது எழும்பியிருக்கும். பதிலுக்குக் கருங்கல் பதிக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். படகில் உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஆட்டத்தில் கணக்குக் கேட்கும். நல்ல மரைன் ப்ளைவுட்டின் மேல் மறுபடி சன்மைக்காவோ மெல்லிய கோரியனோ போதும். சுற்றி ஒரு தேக்கு விளிம்புக் கட்டை. படகு சாய்ந்தால் தட்டு விழாமல் பிடிப்பது அந்தக் கட்டைதான். அதன் மூலைகளில் மட்டும் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். துடைக்கும்போது துணுக்குகளும் தண்ணீரும் அங்கே வெளியேறும். மூலையை அழகுக்காக மூடிவிட்ட விளிம்பைப் பார்த்தாலே, செய்தவர் படகில் ஒருவேளைகூடச் சமைத்ததில்லை என்று தெரிந்துவிடும்.

டிராயர்களும் அப்படித்தான். சற்றுத் தூக்கி இழுத்தால் மட்டுமே திறக்கும்படி அடியில் ஒரு வெட்டு. கதவில் விரல் நுழையும் துளை, உள்ளே ஸ்பிரிங் தாழ். வெளியே துருத்தும் பிடி எதுவும் கிடையாது. ஆடும் படகில் அது இடுப்பெலும்பைத் தேடி வரும். குளிர்ப்பெட்டியைப் பொறுத்தவரை என் கட்சி மேல்திறப்புதான். முன்கதவைத் திறந்ததும் குளிர்காற்று தரையில் கொட்டிவிடுகிறது. மேல்மூடியைத் திறந்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன டான்ஃபாஸ் கம்ப்ரெசருக்கு இந்த வித்தியாசம் பெரிது. குனிந்து தேட வேண்டியிருக்கிறதே என்பார்கள். தேடலாம். எரிவாயு அடுப்பென்றால் சிலிண்டருக்கு வெளிப்பக்கம் துளையுள்ள தனி அறை வேண்டும். காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும்.

வார்னிஷ் பற்றிக் கொஞ்சம். பழைய பூச்சைச் சுரண்டும்போது எந்திரத்தை எடுப்பவரிடம் என் படகைக் கொடுக்கமாட்டேன். சுவர்ப் பலகையின் மேல் ஒட்டிய தேக்குத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சாண்டர் கண்மூடித் திறப்பதற்குள் அதைத் தின்றுவிடும், அதற்குப்பின் மாற்றுவதொன்றே வழி. ரேகையோடு போகும் சுரண்டுதகடு, கை, உப்புத்தாள். பின்பு முதல் பூச்சில் தின்னர் பாதிக்குப் பாதி, மரம் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று. அடுத்தடுத்த பூச்சுகளில் அது குறைந்துகொண்டே வரும், நடுநடுவே தேய்ப்பு. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீரில் 1902இல் தொடங்கிய எபிஃபேன்ஸ் வார்னிஷ் நிறுவனம் இதற்குப் பேர்போனது. சுவர்களுக்கு மங்கல் பளபளப்பே சரி. கண்ணாடிபோல் மின்னுவதைக் கைப்பிடிக்கும் ஏணிக்கும் மேசை விளிம்புக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். முழு அறையும் மின்னினால் கண்ணுக்கு ஓய்விடமே இருக்காது.

எல்லாம் முடிந்தபின் நான் முதலில் பார்ப்பது தரையை. 120 குதிரைத்திறன் ஃபோர்ட் லேமன் டீசல் எஞ்சின் சலூன் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. பார்க்கெட் பலகைகள் தடையில்லாமல் தூக்கவருகின்றனவா, புதிய அலமாரியின் அடிக்கட்டை எதன் விளிம்பிலாவது ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஏறியிருந்தால், என்றோ ஒருநாள் எஞ்சினை வெளியே எடுக்க அந்த அழகான அடுப்பங்கரையை ரம்பம் வைத்து அறுப்பார்கள். அதன்பின் ஏதாவது ஒரு சுவர்ப்பலகையின் பின்புறத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். எந்தப் பலகை எதற்கு முன்னால் கழல வேண்டும், வயர் எந்தப் பக்கம் போகிறது என்று அங்கே பென்சிலால் எழுதியிருந்தால், அந்தத் தச்சரின் விலாசத்தை வாங்கி வைத்துக்கொள்வேன்.