முத்தம் முடிந்த கணம்

ழான் ழாக் ரூசோவின் காதல் நாவல் 'ழூலி அல்லது புதிய எலுவாஸ்' 1761இல் வெளிவந்தது. அதற்காக ஓவியர் கிராவெலோ வரைந்து, பல கைதேர்ந்த செதுக்கர்கள் செப்புத் தகட்டில் வெட்டிய 12 படங்கள் அதே ஆண்டில் பாரிஸில் தனித் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. எந்தக் காட்சி, யார் எப்படி நிற்க வேண்டும், முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் ரூசோவே விரிவாகக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். ழூலி பொன்னிறக் கூந்தல்காரி. அலங்காரத்தில் சற்று அசட்டையும் இருக்கலாம். அவளுடைய தோழி க்ளேர் துடிப்பான கருங்கூந்தல்காரி. காதலன் சான்-ப்ரூ கூட்டத்தில் தனித்துத் தெரியாத சாதாரணத் தோற்றமுடையவன். இந்த நுணுக்கங்களைவிட முக்கியமானது ரூசோ வகுத்த ஒரு விதி: படத்தில் இல்லாத பலவற்றைப் பார்ப்பவர் மனத்தில் எழச் செய்வதே ஓவியனின் திறமை. அதற்கு, கணத்தின் முன்னும் பின்னும் படத்துக்குள் தெரிந்தாக வேண்டும். இந்தத் தொகுப்பின் அழகெல்லாம் இந்த விதியிலிருந்து பிறந்தது என்பேன்.

முதல் படம் சோலையில் நிகழும் முதல் முத்தத்தைப் பற்றியது. ஆனால் முத்தம் படத்தில் இல்லை, அது முடிந்துவிட்டது. மயங்கிச் சரியும் ழூலியை க்ளேர் தாங்குகிறாள், சான்-ப்ரூ கைகளை நீட்டுகிறான். தொட்டுக்கொண்டிருக்கும் உதடுகளை வரைந்திருந்தால் நிகழ்ச்சி மட்டுமே கிடைத்திருக்கும். இங்கே அதன் விளைவு கிடைக்கிறது. கடைசிப் படம் இதே முறையை மறுபக்கமாகத் திருப்புகிறது. இறந்த ழூலியின் முகத்தை மூட, சான்-ப்ரூ கொண்டுவந்த சித்திரத் துகிலை க்ளேர் இரு கைகளாலும் ஏந்தி நிற்கிறாள். துகில் இன்னும் முகத்தில் விழவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் காலை நேரக் காட்சியில் எதுவுமே நடப்பதில்லை. பிள்ளைகள் படப் புத்தகம் பார்க்க, பெரியவர்கள் மூவரும் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். அந்த மூவர் ழூலி, அவளுடைய கணவர், அவளுடைய பழைய காதலர் சான்-ப்ரூ. இதை அறிந்த வாசகருக்கு அந்த அமைதிக்குள் ஒரு நாவலே விரியும். தொகுப்பின் ஆகச் சிறந்த படம் எனக்கு இதுதான்.

ஆசிரியர் இவ்வளவு கட்டளையிட்டால் ஓவியன் வெறும் கூலியாள் ஆகிவிடமாட்டானா என்று கேட்கலாம். ஆனால் ரூசோ கேட்டவற்றில் பாதி, கோட்டால் நேரடியாக வரைய முடியாதவை. நாணம் கலந்த காம மயக்கத்தைக் காட்டு என்ற கட்டளையை எந்தக் கையின் வளைவில், எந்தத் தலைச் சாய்வில் நிறைவேற்றுவது என்பது முழுக்க கிராவெலோவின் முடிவு. படம் வாசகரின் கற்பனையைக் கட்டிப்போடும் என்ற வாதம் பொதுவாகச் சரி. ஆனால் கடிதங்களாலான இந்த நாவலுக்கு அது பொருந்தாது. பாத்திரங்கள் தம்மைத் தாமே எழுதிக்கொள்வதால், அவர்களை வெளியிலிருந்து பார்க்கும் கண் நூலில் அரிது. படங்கள்தான் அந்தக் கண்ணைத் தருகின்றன. முகங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன, ஆல்ப்ஸ் மலையடிவார மனிதர்களிடம் பாரிஸ் வரவேற்பறையின் நளினம் ஒட்டியிருக்கிறது என்ற குறையை மட்டும் மறுக்க முடியாது. சான்-ப்ரூ, ரூசோ கேட்டதைவிட அழகன்தான்.

பின்னால் மோரோ போன்ற பெரிய கலைஞர்களும் இந்நாவலுக்குப் படம் வரைந்தார்கள். அவர்களுடைய ஒளியும் நிழலும் கிராவெலோவுடையவற்றைவிடச் செழுமையானவை. ஆனால் எந்தக் கணத்தில் நிற்பது என்ற தேர்வில் கிராவெலோவின் 12 படங்களே மேலானவை.